குன்னூர் வீட்டில் பைபாப் இயந்திரம்: பயன்படுத்துபவரின் மதிப்பீடு

மோட்டார் நியூரான் நோய் உள்ளவர்களுக்கு இரவில் மூச்சுக்குத் துணையாகத் தரப்படும் பைபாப் இயந்திரத்தைக் குன்னூரில் உள்ள எங்கள் வீட்டில் சென்ற குளிர்காலத்துக்கு முன்பிருந்து பயன்படுத்தி வருகிறேன். இதை வாங்குவதற்கு முன்பு நான் படித்த கையேடுகளும் கடைக்காரர்கள் தந்த விளக்கங்களும் சமவெளியில், கதகதப்பான அறையில், மின்சாரம் அடிக்கடி நிற்காத வீட்டில் இருப்பவரை நினைத்தே எழுதப்பட்டிருந்தன. நீலகிரியில் இருப்பவருக்கு அவற்றில் பாதி பொருந்தாது என்பதால்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல என் மனைவி தட்டச்சு செய்கிறார். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லும் நிறை குறைகள் இந்த வகைப் பெட்டிகள் பலவற்றுக்கும் பொதுவானவை.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது. கொடுத்த பணத்துக்குத் தகும். ஆனால் வாங்குபவர்கள் எந்தப் பெட்டி என்று ஆராய்வதில் செலவிடும் நேரத்தைவிட மாஸ்க், குழாயில் சேரும் தண்ணீர், மின்தடை, பழுதென்றால் மலையேறி வரக்கூடிய ஆள் ஆகிய நான்கையும் விசாரிப்பதில் அதிக நேரம் செலவிட வேண்டும்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைகளுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதால் தசைகள் வலுவிழந்து மெலிவதே இந்நோய். இதன் முக்கிய வகையான ஏ.எல்.எஸ். நோயைப் பிரெஞ்சு மருத்துவர் ழான் மார்ட்டின் ஷார்கோ 1869இல் விவரித்தார்; அமெரிக்காவில் 1995இல் அனுமதிக்கப்பட்ட ரிலுசோல் மாத்திரை நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்குமே தவிர நிறுத்தாது. நோய் தொடங்கியதிலிருந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் என்பது பெரும்பாலோரின் கணக்கு. பத்தில் ஒருவர் பத்தாண்டைத் தாண்டுவதும் உண்டு. எனக்கு வலது கையில் தொடங்கியது. கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் விரல்களில் நிற்காமல் நழுவியது, பிறகு கால்கள், இப்போது சக்கர நாற்காலி. பேச்சு இன்னும் தெளிவாகவே இருக்கிறது, ஆனால் நீண்ட வாக்கியத்தின் நடுவில் மூச்சு தீர்ந்துவிடுகிறது. தமிழாசிரியராக இருந்தவனுக்கு அது பெரிய இடைஞ்சல்.

மூச்சுத் தொல்லை படுக்கையில்தான் முதலில் தெரிந்தது. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையில் உள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் வலுவிழந்தவர் உட்கார்ந்திருக்கும்போது சமாளித்துக்கொள்வார். மல்லாந்து படுத்ததும் வயிற்றின் உறுப்புகள் மேல்நோக்கி அழுத்துவதால் அந்தத் தசையால் அவற்றைத் தள்ளிக் காற்றை உள்ளிழுக்க முடியாது. தலையணை இரண்டு மூன்றாகும். இரவில் பலமுறை விழிப்பு வரும். காலையில் எழும்போது நெற்றியில் கனத்த வலியும் மந்தமும் இருக்கும். அந்த வலிக்குக் காரணம் இரவெல்லாம் வெளியேறாமல் இரத்தத்தில் தங்கிவிட்ட கரியமில வாயு. கோயம்புத்தூரில் நரம்பியல் மருத்துவர் உட்கார்ந்தும் படுத்தும் ஊதச் சொல்லி நுரையீரல் அளவைப் பார்த்தார். மணிக்கட்டுத் தமனியில் இரத்தம் எடுத்து வாயு அளவையும் பார்த்தார். ஊதும் அளவு இருக்க வேண்டியதில் பாதிக்கும் கீழே இறங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, இரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 45 மி.மீ. பாதரச அளவைத் தாண்டினாலோ இயந்திரத் துணையைத் தொடங்குவது வழக்கம் என்றார்.

இது வெறும் சௌகரியத்துக்கான பொருள் அன்று. இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், விழுங்குதலும் பேச்சும் மிகவும் கெடாத நோயாளிகள் இத்தகைய துணையால் இடைநிலை மதிப்பில் 205 நாட்கள் கூடுதலாக வாழ்ந்தனர். ரிலுசோல் தரும் சில மாதங்களோடு ஒப்பிட்டால் இது குறைவில்லை. தொண்டைத் தசைகள் மிகவும் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆயுள் நீளவில்லை, எனினும் சில தொல்லைகள் தணிந்தன. யாருக்கு எவ்வளவு பயன் என்பதை மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

கேட்பவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது, "ஆக்சிஜன் வைத்தால் போதாதா?" என்பதுதான். கொரோனாவுக்குப் பிறகு எங்கள் தெருவிலேயே ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. இரவல் தரவும் அன்போடு முன்வந்தார்கள். எங்கள் நோயில் குறை நுரையீரலில் இல்லை, அதை விரிக்கும் தசையில் இருக்கிறது. உலைக்களத்தில் துருத்தியை மிதிக்க ஆளில்லாதபோது கூடுதல் கரி கொட்டிப் பயனில்லை. அதோடு, ஆக்சிஜனை மட்டும் கொடுத்தால் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டிருக்க, உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும் ஆபத்தும் உண்டு. பைபாப் இயந்திரம் மிதிக்கும் ஆளின் வேலையைச் செய்கிறது: மூச்சை இழுக்கத் தொடங்கியதை உணர்ந்து அழுத்தத்தைக் கூட்டித் தள்ளுகிறது, விடும்போது குறைத்துக்கொள்கிறது. எனக்கு முதலில் 10க்கு 4 என்று (செ.மீ. நீர் அழுத்தக் கணக்கில், இழுக்கும்போது 10, விடும்போது 4) வைத்து, பழகியபின் மருத்துவர் 14க்கு 4 ஆக்கினார்.

மலையின் உயரம் பற்றியும் பலருக்குச் சந்தேகம் இருக்கிறது. குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. பறக்கும் விமானத்தின் உட்பகுதியை 2,400 மீட்டர் உயரத்துக்கு இணையான அழுத்தத்துக்குக் கீழே போகவிடாமல் வைத்திருப்பார்கள். ஆக ஊட்டிக்காரர்கள் எந்நேரமும் விமானத்தில் உட்கார்ந்திருப்பவர்களே. ஆகவே பல்ஸ் ஆக்ஸிமீட்டர் எண் மேட்டுப்பாளையத்தில் காட்டுவதைவிட இங்கே ஒன்றிரண்டு குறைவாக இருந்தால் உடனே பதற வேண்டியதில்லை. புதிய பெட்டிகள் உயரத்துக்கேற்பத் தாமே சரிசெய்துகொள்கின்றன. பழைய பெட்டிகள் சிலவற்றில் அதைக் கையால் அமைக்க வேண்டும். பல கையேடுகளில் ஏறத்தாழ 2,500 மீட்டர் வரை என்று எல்லை போட்டிருக்கிறார்கள். தொட்டபெட்டா உச்சியில் குடியிருந்தால்தான் அதைத் தாண்டும்.

இனி மாஸ்க். இந்த இயந்திரத்தோடு வாழ்வது என்பது உண்மையில் மாஸ்க்கோடு வாழ்வதுதான். மூக்கை மட்டும் மூடுவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது, மூக்குத் துவாரத்தின் கீழே தாங்குவது என வகைகள் உண்டு. உறங்கும்போது என் வாய் திறந்துகொள்வதால் முதலில் முழு மாஸ்க் தந்தார்கள். கடைக்காரர் 'லார்ஜ்' அனுப்பிவிட்டார். என் முகத்துக்கு 'மீடியம்' வேண்டும். பட்டையை இறுக்கினால் பொருந்திவிடும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். பொருந்தவில்லை. மேல்விளிம்பிலிருந்து கசியும் காற்று நேராகக் கண்ணில் பாய்ந்து காலையில் கண் சிவந்துவிடும். கசிவு மிகுந்தால் இயந்திரமும் நம் மூச்சின் தொடக்கத்தை உணராமல் தடுமாறும். இறுக்கியதன் கூலியாக மூக்குத் தண்டில் தோல் சிவந்து புண்ணாகத் தொடங்கியது. இப்போது என் மனைவி ஒவ்வோர் இரவும் புறங்கையை நீரில் நனைத்து மாஸ்க்கின் விளிம்பைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோவார். ஈரத்தோலில் குளிர்ச்சி எங்கே படுகிறதோ அங்கே கசிவு. "ஏங்க, வலது கன்னத்தில் வருது" என்று சொல்லி, அந்தப் பக்கத்துக் கீழ்ப்பட்டையை மட்டும் அரை விரல் தளர்த்துவார். பெரும்பாலும் இறுக்குவதைவிடத் தளர்த்துவதுதான் கசிவை நிறுத்துகிறது. மூக்குத் தண்டுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் தோலைக் காக்கும் ஹைட்ரோகொலாய்டு பட்டையை ஒட்டுகிறோம்; சில மணி நேரம் மூக்குக்குக் கீழே தாங்கும் வகையை மாற்றிப் போடுகிறோம். இளமையிலிருந்து வைத்திருந்த மீசையை எடுத்துவிட்டேன். காற்று கசிய மீசையும் ஒரு வழி.

மாஸ்க்கில் மற்றொன்று கவனிக்க வேண்டும். ஒற்றைக் குழாய் உள்ள வீட்டு இயந்திரத்துக்கு, விட்ட மூச்சு வெளியேறச் சிறு துளைகள் உள்ள மாஸ்க்தான் வேண்டும். மருத்துவமனைகளில் இரட்டைக் குழாய் வென்டிலேட்டருக்குப் பயன்படும் துளையற்ற மாஸ்க்கும் பார்வைக்கு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். அதை இதில் மாட்டினால் விட்ட கரியமில வாயுவையே திரும்ப இழுக்க நேரும். அடைப்பு என்று நினைத்து அந்தத் துளைகளில் பிளாஸ்டர் ஒட்டுவதும் கூடாது.

கை இயங்காதவர் முழு மாஸ்க்கைத் தாமாகக் கழற்ற முடியாது. வாந்தி வந்தால் இது உயிராபத்து. ஆகவே அதே அறையில் ஒருவர் உறங்க வேண்டும்; அதோடு கம்பியில்லாத காலிங் பெல்லின் பொத்தானை உடலில் இன்னும் அசையும் இடத்தில் வைக்க வேண்டும். எனக்கு இடது கால் பெருவிரல்.

மலைக்கே உரிய தொல்லை குழாயில் சேரும் தண்ணீர். இயந்திரத்தில் உள்ள ஹியூமிடிஃபையர் தண்ணீரைச் சூடாக்கி ஈரக்காற்றை அனுப்புகிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் எங்கள் படுக்கையறை வெளியைவிட அதிகம் வெதுவெதுப்பாக இருப்பதில்லை. வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் போகும்போது நீராகிவிடுகிறது. நள்ளிரவில் குழாய்க்குள் களகளவென்று சத்தம் கேட்கும், சற்றுப் புரண்டால் குளிர்ந்த நீர் மூக்கில் கொட்டும். ஹியூமிடிஃபையரை நிறுத்தினால் தொண்டை காய்ந்து, இருக்கும் சிறிது சளியும் கெட்டியாகி, அதை இருமித் துப்ப வலுவின்றித் தவிக்க நேரும். எங்களுக்குக் கைகொடுத்தவை இவை. இயந்திரத்தைக் கட்டிலைவிடத் தாழ்வான முக்காலியில் வைத்ததால் நீர் தொட்டிக்கே திரும்பி வடிகிறது. பழைய கம்பளிச் சால்வையைக் கிழித்து மனைவி குழாய்க்கு உறை தைத்தார். ஹியூமிடிஃபையரின் அளவை 5இலிருந்து 3க்கு இறக்கினோம். இவற்றால் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. மிச்சத்தைச் சூடாகும் குழாய் தீர்த்தது. அதை இயந்திரத்தோடு சேர்த்தே தர வேண்டும் என்பது என் கருத்து. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்களுக்கு அது ஆடம்பரம் அன்று.

அறையைச் சூடாக்கலாமே என்று தோன்றும். கரி அடுப்பை மட்டும் உள்ளே கொண்டுவராதீர்கள். மூடிய அறையில் கரி மூட்டி உறங்கியவர்கள் இறந்த செய்தி குளிர்காலங்களில் இந்த மாவட்டத்தில் வந்திருக்கிறது. இயந்திரம் அறைக்காற்றைத்தான் இழுத்து உள்ளே தள்ளுகிறது, கார்பன் மோனாக்சைடையும் சேர்த்தே தள்ளும். விறகடுப்புள்ள வீடுகளில் பின்புற வடிகட்டி விரைவில் கறுத்துவிடும். மழை மாதங்களில் அதில் பூசணம் பிடிக்கும். கையேட்டில் போட்டிருக்கும் காலத்துக்கு முன்பே மாற்றிவிடுகிறோம். தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் மூச்சுக்காகத் தயாரிக்கப்பட்டது அன்று. சோப்பு நீரில் கழுவிய குழாய் மூடுபனி நாட்களில் கொடியில் காயவே காயாது. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு இயந்திரத்தைச் சிறிது நேரம் ஓடவிட்டால் காற்று குழாயைக் காயவைத்துவிடும்.

அடுத்தது கரண்ட். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியதை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தனை வேண்டாம், தென்மேற்குப் பருவக்காற்றில் ஒரு சில்வர் ஓக் மரம் கம்பியில் சாய்ந்தாலே இரவெல்லாம் இருட்டுதான். இந்தப் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் உள்ளே பேட்டரி இல்லை. மின்சாரம் நின்றால் காற்றும் நிற்கும். முழு மாஸ்க்கில் உள்ள வால்வு திறந்து வெளிக்காற்றை விடும், மூச்சு அடைத்துவிடாது, ஆனால் துணையின்றி இழுக்க வேண்டும். மேலும், கரண்ட் திரும்பி வந்ததும் சில பெட்டிகள் தாமே ஓடத் தொடங்கும், சில பெட்டிகளில் பொத்தானை அழுத்த வேண்டும். விரல் அசையாதவருக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று விற்பவருக்குத் தோன்றுவதில்லை. கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி சொருகிப் பார்க்கச் சொல்லுங்கள். நாங்கள் 'பியூர் சைன் வேவ்' வகை இன்வெர்ட்டரை 150 ஏ.எச். பேட்டரியோடு வைத்து, யூ.பி.எஸ். நிலையில் ஓட்டுகிறோம்; மாறும்போது இயந்திரம் நிற்பதில்லை. ஹியூமிடிஃபையரும் சூடாகும் குழாயும் மின்செலவை இரண்டு மூன்று மடங்காக்குவதால், கரண்ட் போனதும் மனைவி எழுந்து முதலில் அவற்றை அணைப்பார். அப்படிச் செய்தால் இரவு முழுவதும் தாங்குகிறது. இன்வெர்ட்டர், பேட்டரி விலையையும் சேர்த்ததுதான் இயந்திரத்தின் விலை. பின்னணி மூச்சு எண்ணிக்கை உள்ள பெட்டிகள் அரை லட்சத்தைச் சுற்றித் தொடங்கி ஒரு லட்சத்தைத் தொடுகின்றன.

அந்தப் 'பின்னணி மூச்சு எண்ணிக்கை' பற்றிச் சொல்ல வேண்டும். நாம் மூச்சிழுக்கத் தவறினாலோ, இழுத்தது இயந்திரம் உணர முடியாத அளவு மெலிதாக இருந்தாலோ, அது தானே ஒரு மூச்சைத் தரும். எனக்கு நிமிடத்துக்கு 12 என்று வைத்திருக்கிறார்கள். பெட்டியின் மேல் 'எஸ்/டி' (S/T) என்று போட்டிருக்கும். இது இல்லாத 'எஸ்' வகை விலை குறைவு. குறட்டை நோய்க்கான, ஒரே அழுத்தத்தில் காற்றுத் தரும் சிபாப் அதைவிடக் குறைவு. நான் முதலில் விசாரித்த சமவெளிக் கடை ஒன்றில், மருத்துவர் எழுதிய சீட்டைப் பார்த்த பிறகும், "ரெண்டும் ஒண்ணுதான் சார், கையிருப்புல இதான் இருக்கு" என்று 'எஸ்' வகையைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். மற்றொரு கடையில் வாங்கினேன். அங்கே பெட்டி சரி. மாஸ்க் அளவு மாறியதையும், திறந்த பாக்கெட்டைத் திரும்ப எடுக்க மறுத்ததையும் தவிர, முக்கியக் குறை ஆள் வராததுதான். சீசன் நெரிசல், 2024 மே மாதத்திலிருந்து வெளி வண்டிகளுக்கு இ-பாஸ், பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் என்று காரணங்கள் வந்தன, பொறியாளர் வரவில்லை. கடைசியில் வீடியோ அழைப்பில் காட்டிச் சரிசெய்தோம். பேசிய தம்பி பொறுமைசாலி, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அழுத்தத்தைத் தொலைபேசியிலேயே கூட்டிக்கொள்ளச் சொன்னபோது நாங்கள் மறுத்துவிட்டோம். அழுத்தம் மருந்தின் அளவைப் போன்றது, அதை மாற்ற வேண்டியவர் மருத்துவர். இயந்திரத்தின் மெமரி கார்டில் பதிவாகும் கசிவையும் பயன்படுத்திய நேரத்தையும் அனுப்பினால் அவர் அங்கிருந்தே பார்த்துச் சொல்லிவிடுகிறார்.

இயந்திரம் செய்யாதவையும் உண்டு. இருமுவதற்கு இது உதவாது. சளியைத் தள்ளும் 'காஃப் அசிஸ்ட்' தனி இயந்திரம். அதன் விலை எங்களுக்கு எட்டாது. அதற்குப் பதிலாக கையால் அழுத்திக் காற்றுத் தரும் ஆம்பு பையால் மூச்சின் மேல் மூச்சாகச் சேர்த்து நிரப்பி, பிறகு வயிற்றை அழுத்தி இருமச் செய்யும் முறையை மருத்துவமனையில் மனைவிக்குக் கற்றுத் தந்தார்கள். மாநில அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவர் அதைச் செய்துகாட்டச் சொல்லிக் கை வைக்கும் இடத்தைத் திருத்தினார். அந்தச் சகோதரி மழையிலும் படியேறி வருகிறார். இந்த மதிப்பீட்டில் முழு மதிப்பெண் அவருக்குத்தான். விழுங்க முடியாதபோது உணவு செலுத்த வயிற்றில் குழாய் வைப்பதென்றால் மூச்சளவு மிகவும் குறைவதற்குள் வைப்பது பாதுகாப்பு என்பதையும், இயந்திரம் வந்த கையோடு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோய் முன்னேற முன்னேறப் பகலிலும் மாஸ்க் தேவைப்படும். எனக்கு மதிய உறக்கத்துக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. இருபத்து நான்கு மணி நேரமும் என்றாகும்போது, தொண்டையில் துளையிட்டு வென்டிலேட்டர் வைப்பதா, வேண்டாமா என்ற கேள்வி எழும். கடையில் யாரும் இதைப் பேச மாட்டார்கள். தன்னால் சொல்ல முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதிவைக்கும் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கி, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியின் சான்று போதும் என்றது. நானும் மனைவியும் மருத்துவரோடு உட்கார்ந்து பேசி எழுதிவைத்திருக்கிறோம். என்ன எழுதினோம் என்பது எங்கள் வீட்டு விஷயம். ஆனால் பேச்சுத் தெளிவாக இருக்கும்போதே அதைப் பேசிவிடுவது நல்லது.

பயன் என்னவென்றால், காலைத் தலைவலி போய்விட்டது. இரவில் எழுவது குறைந்துவிட்டது. எனவே மனைவியும் உறங்குகிறார். பகலில் செய்தித்தாளை முழுவதும் படிக்க முடிகிறது. கைகால் வலு திரும்பவில்லை, திரும்பும் என்று யாரும் சொல்லவும் இல்லை. பழகுவதற்குப் பல இரவுகள் ஆகும். முதலில் பகலில் உட்கார்ந்தபடி, செய்தி கேட்டுக்கொண்டே சிறிது நேரம் மாட்டிப் பழகினால் இரவில் மிரட்சி குறையும்.

வாங்கத் தயங்குபவர்கள் முதலில் மாத வாடகைக்கு எடுப்பது நல்லது. பழுதானால் மாற்றுப் பெட்டி எத்தனை மணி நேரத்தில் மலைக்கு வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பெட்டி என்றால் தொடர் எண்ணைச் சரிபாருங்கள்: ஒலி தடுக்கும் நுரை சிதைவதால் பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் தன் இயந்திரங்கள் பலவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது, அவற்றில் சில கைமாறியும் வரக்கூடும். மாஸ்க்கை மட்டும் புதிதாகவே வாங்குங்கள். பெட்டிக்கு உத்தரவாதம் தருகிறார்கள், மாஸ்க்கின் சிலிகோன் மெத்தைக்குத் தருவதில்லை. அது தளர்ந்ததும் கசிவு தொடங்கிவிடும் என்பதால், அதன் விலையையும் வடிகட்டிகளின் விலையையும் ஆண்டுச் செலவில் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.